நீல அம்புத் தவளைக்குக் காட்சித்தொட்டி: தண்ணீர் முதல் குஞ்சு வரை

மீன்காட்சியகம் என்று பெயர் இருந்தாலும் உலகின் பல பெரிய மீன்காட்சியகங்களில் மீனோடு தவளை, ஆமை, பாம்பு, பல்லி எல்லாம் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் 1981-இல் திறந்த நேஷனல் அக்வேரியத்தின் உச்சியில், கண்ணாடிக் கூம்புக்குள் ஒரு மழைக்காட்டையே வளர்த்திருக்கிறார்கள். காட்டில் தோலில் நஞ்சு கொண்டு திரியும் சிறு வண்ணத் தவளைகளான அம்புத் தவளைகளுக்கு அந்த இடம் பெயர் பெற்றது. அந்தக் குடும்பத்தில் காட்சிக்கு மிகவும் தோதானது நீல அம்புத் தவளை. நாலைந்து சென்டிமீட்டர் நீளம்தான், ஆனால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும் நீலம். பெரும்பாலான தவளைகள் பகலில் பதுங்கிவிடும், இது பகலில்தான் இரை தேடி நடமாடும்.

சொந்த ஊர் தென் அமெரிக்காவின் சுரிநாம். அங்கே சிபலிவினி புல்வெளியின் நடுவே தீவுபோல் நிற்கும் சிறு காடுகளில், ஓடையோரப் பாறைகளின் இடுக்குகளில் வாழ்கிறது. 1969-இல் தனி இனமாக விவரித்தார்கள். இப்போது டென்ட்ரோபேட்டஸ் டிங்டோரியஸ் இனத்தின் ஒரு நிறவகையாகவே பெரும்பாலானவர்கள் கொள்கிறார்கள். ஓடையோரத் தரையில் திரியும் உயிர் என்பதை நினைவில் வைத்தால் தொட்டி பற்றிய பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

இந்தத் தவளைக்குத் தோல்தான் வாய், பாதி மூச்சும் அதன் வழியாகத்தான். வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிற்றையும் தொடையையும் ஈரத்தில் அழுத்தி உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தண்ணீரில், மண்ணில், உங்கள் கையுறையில் இருப்பது எல்லாம் நேராக உடம்புக்குள் போகும். காட்சித்தொட்டிகளில் நேரும் சாவுகளுக்குக் காரணம் தேடிப் போனால், தவளை வருவதற்கு முன்பே செய்த ஏதோ ஒரு வேலையில் போய் நிற்கும். தவளை வரும் நாளுக்கு நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் தண்ணீர்

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரினோ குளோரமினோ இருக்கும். எது என்று குடிநீர் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குளோரின் என்றால் ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்தால் பறந்துவிடும். குளோரமின் பறக்காது. சோடியம் தயோசல்பேட் போட்டால் குளோரின் பகுதி உடையும், ஆனால் அம்மோனியா மிஞ்சும். அதுவும் தவளைக்கு நஞ்சுதான். குளோரமின் வரும் ஊரில் கிளர்வூட்டிய கரி வடிகட்டியும் அதன்பின் அம்மோனியாவை நுண்ணுயிர்களைக் கொண்டு அகற்றும் உயிரியல் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும்.

தயோசல்பேட் கணக்கு எளிது. ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் தண்ணீருக்கு 1.4 கிராம் போதும். கலந்தபின் மொத்தக் குளோரினை அளந்து, பூஜ்யம் என்று வந்தால்தான் பயன்படுத்த வேண்டும். மீன் கடைச் சோதனைப் பெட்டிகளில் சில தனிக் குளோரினை மட்டும் காட்டும், குளோரமினைக் காட்டாது. மொத்தக் குளோரின் காட்டுவதைப் பார்த்து வாங்குங்கள்.

நீர்த்தூவலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். காரணம் நாசில் அடைப்பும் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறையும்தான். தொட்டிக்குள் இருக்கும் குட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது. உப்பே இல்லாத தண்ணீர் தோல் வழியே உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும், உடம்பின் உப்புகள் வெளியேறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகத்துக்கு ஓய்வே இருக்காது. குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து கரைந்த உப்பு 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) அளவில் இருக்கும்படி செய்துகொள்ளலாம். அமில கார அளவு (பி.எச்.) 6-க்கும் 7.5-க்கும் இடையே, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்.

இன்னொன்று, செம்பு. பழைய கட்டடங்களில் செப்புக் குழாயிலும் பித்தளை வால்விலும் இரவெல்லாம் தேங்கிய தண்ணீர் காலையில் முதலில் வரும். அதை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். தூவல் அமைப்பில் பித்தளை இணைப்பு எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ போதும்.

தொட்டியின் அடி

நான்கைந்து தவளைகளுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்ற அளவு நன்றாக அமையும். உயரத்தைக் கூட்டிப் பயனில்லை, தரைப்பரப்பைக் கூட்டுங்கள்.

அடியில் 6 முதல் 8 செ.மீ. உயரத்துக்கு, மண்ணுக்குக் கீழே தண்ணீர் வடிந்து நிற்க இடம் தரும் பொய்த்தளம் போட வேண்டும். விளக்குக்கு மாட்டும் பிளாஸ்டிக் கட்டச் சட்டத்தை வெட்டி, பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கால்களாக வைத்து நிறுத்துவது ஒரு முறை. சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்புவது இன்னொரு முறை. காட்சித்தொட்டிக்கு முதல் முறைதான் நல்லது. எடை குறைவு, அடியில் தேங்கும் கழிவைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கவும் முடியும். மேலே கண்ணாடியிழைக் கொசுவலையை விரித்து ஓரங்களை மேல்நோக்கி மடித்து விடுங்கள். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஒருநாள் தவளை கீழே போய்விடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

தண்ணீர் மட்டம் எப்போதும் வலைக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே நிற்கும்படி கண்ணாடியில் வடிகால் துளை இருக்க வேண்டும். பம்ப் ரிலே சிக்கிக்கொண்டு இரவு முழுதும் தூவினாலும் அவ்வளவு நீரையும் வெளியேற்றும் அளவுக்கு அது பெரிதாக இருக்கட்டும். வடிகால் வாய்க்கும் குட்டையில் உள்ள பம்புக்கும் வலைமூடி கட்டாயம். தண்ணீர் மண்ணைத் தொட்டுவிட்டால் மண்ணில் காற்று போய், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த மண்ணில் உட்காரும் தவளையின் வயிறும் கால்விரல்களும் சிவந்து புண்ணாகும். நாற்றம் வந்தபின் மேல்மண்ணைக் கிளறி விடுவதால் பயனில்லை, முழுவதையும் எடுத்து மாற்றுவதுதான் வழி.

மண்ணுக்கு அட்லாண்டா தாவரவியல் பூங்காவின் கலவை இன்றும் நம்பகமானது. மரப்பெரணி நார் 2 பங்கு, ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு 2 பங்கு, கரி 1 பங்கு, பீட் பாசி 1 பங்கு, பொடித்த ஸ்பாக்னம் பாசி 1 பங்கு. தென்னைநார்த் தூளை மட்டும் போடுபவர்கள் உண்டு. அது ஓரிரு வருடத்தில் சேறாக இறுகிவிடும், செடி வேரும் அழுகும். தென்னைநார்த்தூள் போட்டே ஆக வேண்டுமென்றால் உப்பு போகும்வரை பலமுறை அலசுங்கள், கடற்கரைப் பகுதியில் ஊறவைத்த நாரில் உப்பு நிறைய இருக்கும்.

இந்த மண்ணுக்கு மேல் இரண்டு மூன்று அடுக்குச் சருகு பரப்ப வேண்டும். பார்வைக்குக் குப்பை மாதிரி இருக்கிறது என்று காட்சி வடிவமைப்பாளர்கள் இதை வேண்டாம் என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். தவளைக்கு ஒளிவிடம் தருவதும், சேறு அதன் வயிற்றில் ஒட்டாமல் காப்பதும், சிறு பூச்சிகளை வாழவைப்பதும் இந்தச் சருகுதான். ஒளிய இடம் இருக்கும் தவளைதான் துணிந்து வெளியே வரும். மொட்டையான தொட்டியில் அது மூலையில் ஒண்டிக்கொண்டே இருக்கும். மருந்து தெளிக்காத மரத்தின் காய்ந்த சருகை அடுப்பில் சுட்டோ கொதிநீரில் போட்டெடுத்தோ பயன்படுத்தலாம். நம் ஊர் நாட்டுவாதுமை இலை அயல்நாட்டுத் தவளை வளர்ப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போகிறது. அகலமாக இருக்கும், மெல்லத்தான் மக்கும்.

சிலிகான் பூசும்போது பூஞ்சைத்தடுப்பு மருந்து கலக்காத, காயும்போது காடி வாசனை வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வாசனை முற்றும் போக ஒரு வாரமாவது ஆகும். பின்சுவருக்கு நுரை அடித்துச் செதுக்குகிறவர்கள் அதன் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும்.

செடிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து இருக்கும், அதிலும் வேர் வழியே ஏறும் இமிடாக்ளோபிரிட் வகை மருந்தை இலையைக் கழுவி நீக்க முடியாது. பழைய மண்ணை முழுக்க அலசிவிட்டு, வேறு இடத்தில் இரண்டு மாதமாவது வளர்த்துப் பிறகுதான் உள்ளே வையுங்கள். நத்தை முட்டையும் அட்டையும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு 19 பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் சில நிமிடம் முக்கி, குளோரின் நீக்கிய தண்ணீரில் நன்றாக அலசுவதும் வழக்கம். மணி பிளான்ட், பெரணி, புரோமிலியாட் மூன்றும் ஏமாற்றாது.

செடி வைத்ததும் ஸ்பிரிங்டெயில் எனும் வெள்ளைத் துளிப் பூச்சிகளையும் ஐசோபாட் எனும் பல காலுள்ள குட்டி வெள்ளைச் சிற்றுயிர்களையும் விட்டுவிடுங்கள். தவளையின் எச்சத்தையும் பூஞ்சையையும் அவை தின்னும், தவளை அவற்றைத் தின்னும். அவை பெருக ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதுவரை விளக்கும் தூவலும் வழக்கம்போல் ஓடட்டும், தொட்டி காலியாகவே இருக்கட்டும்.

வெப்பமும் காற்றும்

பகலில் 23 முதல் 26 டிகிரி, இரவில் 20 முதல் 22. வெப்பமண்டலத் தவளைதானே, சூடு தாங்கும் என்று நினைப்பதுதான் ஆபத்து. மழைக்காட்டின் தரை எப்போதும் நிழல். தொட்டி 30 டிகிரியைத் தாண்டிச் சில மணிநேரம் நின்றால் தவளைகள் செத்துப்போகும். குளிர் கொஞ்சம் கூடினால் சாப்பிடாமல் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் எச்சரிக்கை மணியை 27.5 டிகிரியில் வையுங்கள். உணரியை மூடிக்குக் கீழே தொங்கவிடாமல், தவளை இருக்கும் தரைமட்டத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக மாட்டுங்கள். எல்.இ.டி. விளக்கின் மின்மாற்றிப் பெட்டி தொட்டிமேல் உட்கார்ந்திருந்தால் அதை நகர்த்தினாலே ஒன்றிரண்டு டிகிரி இறங்கலாம். குளிர்சாதனம் நின்றுவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரால் தூவி, மூடியைத் திறந்து வலை போடுங்கள். 28-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருக்காமல் ஈரப்பாசி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் தவளைகளைப் பிடித்து வேறு குளிரறைக்குக் கொண்டுபோங்கள். அந்த டப்பாக்கள் எப்போதும் கழுவித் தயாராக அலமாரியில் இருக்க வேண்டும். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டிக்குள் போடக் கூடாது.

ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு முறை, ஒவ்வொரு முறையும் அரை முதல் ஒரு நிமிடம் தூவினால் போதும். முதல் தூவல் விளக்கு எரியும் முன், கடைசித் தூவல் விளக்கு அணைவதற்கு ஒரு மணிநேரம் முன். இலை மேற்பரப்பு இரண்டு தூவலுக்கிடையே ஒருமுறையாவது காய வேண்டும். எல்லாம் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பாக்டீரியாப் புண் வரும். "ஈரம் வேண்டும்" என்பதைக் காற்றே இல்லாமல் அடைத்துவைப்பது என்று புரிந்துகொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காண்பது.

பொதுமக்கள் பார்க்கும் தொட்டிக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. கண்ணாடியில் ஆவி படிந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. முன்கண்ணாடியின் அடியில் நீளவாக்கில் ஒரு காற்றுப்பட்டை, மேல்மூடியின் பின்பக்கம் இன்னொன்று; இரண்டும் இருந்தால் காற்று கண்ணாடியைத் தடவி மேலேறி வெளியேறும். போதாவிட்டால் கணினிக்குள் இருக்கும் சிறு 12 வோல்ட் மின்விசிறி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே வலைக்கூண்டில் மாட்டி, உள்காற்றைக் கண்ணாடி நெடுகச் சுழலவிடலாம். வெளிக்காற்றை இழுத்தால் ஈரம் போய்விடும். காற்றுப்பட்டைகளில் மிக நுண்ணிய எஃகு வலை போடுங்கள், சாதாரணக் கொசுவலை வழியே பழ ஈ வெளியேறிவிடும்.

புற ஊதா விளக்கு கொஞ்சம் போதும். தவளை ஏறக்கூடிய மிக உயர்ந்த இடத்தில் புற ஊதாக் குறியீடு 0.5 முதல் 1 வரை, தரையில் பாதிக்குமேல் முழு நிழல். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் விளக்கின் கீழே மட்டும் மூடியில் வலை இருக்க வேண்டும்.

இரை வளர்ப்பது

தவளையை வளர்ப்பதைவிட அதற்கு இரை வளர்ப்பதுதான் அதிக வேலை. வாய் சிறிது, அசையும் இரையை மட்டுமே பிடிக்கும். பறக்க முடியாத பழ ஈக்களில் இரண்டு வகை வேண்டும். சிறிய மெலனோகாஸ்டர் சுமார் இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறையைக் கொடுக்கும். பெரிய ஹைடிக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கோப்பைக்கான கலவை: உலர்ந்த உருளைக்கிழங்குச் சீவல் தூள் 4 பங்கு, பொடித்த சர்க்கரை 1 பங்கு, மதுபானத் தயாரிப்பு ஈஸ்ட் பொடி 1 பங்கு. இதில் சமையல் அளவுக் கோப்பையில் (240 மில்லி) பாதிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, இரண்டு பங்கு வெந்நீருக்கு ஒரு பங்கு வினிகர் கலந்த நீரை ஊற்றிப் பிசைந்த பதம் வரும்வரை கலக்குங்கள். ஆறியபின் ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை, ஏறி உட்கார மரச்சீவலோ காபி வடிதாளோ, ஐம்பது அறுபது ஈ. மூடியில் துளையிட்டுத் துணி ஒட்டி மூடிவிடலாம். கலவை தளதளவென்று இருந்தால் ஈக்கள் மூழ்கும். வறண்டு வெடித்தால் புழுக்கள் சாகும்.

வாரந்தோறும் புதுக் கோப்பைகள் போடுங்கள். தேவைக்கு இரண்டு மடங்கு போட்டால்தான் ஒரு தொகுதி கெட்டாலும் தவளை பட்டினி கிடக்காது. ஐந்து வாரத்துக்கு மேலான கோப்பையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள், உண்ணிகள் பெருகுவது அதில்தான். கோப்பைகளைச் சோப்புநீர் அகழி கட்டிய தட்டில் வைத்தால் உண்ணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகாது. அறை 24 முதல் 26 டிகிரி. வீட்டுப் பழக்கூடையில் வரும் காட்டு ஈ ஒன்று உள்ளே புகுந்து கலந்துவிட்டால் பறக்கும் ஈக்கள் பிறக்கும், அந்தத் தொகுதியே போய்விடும்.

ஸ்பிரிங்டெயில் வளர்க்க மூடிபோட்ட டப்பாவில் அடுப்புக்கரித் துண்டுகள், அடியில் அரை அங்குலம் தண்ணீர், மேலே நாலைந்து அரிசி மணி. அரிசியில் பூஞ்சை பூக்கும், பூச்சிகள் அதை மொய்க்கும். எடுக்கும்போது தண்ணீரை ஊற்றினால் எல்லாம் மேலே மிதந்து வரும், அப்படியே சாய்த்துக் கொட்டலாம். கரியில் எரிபொருள் திரவம் ஊறியிருக்கக் கூடாது.

வளர்ந்த தவளைக்கு வாரத்தில் ஐந்தாறு நாள், ஒரு வேளைக்கு இருபத்தைந்து முதல் ஐம்பது மெலனோகாஸ்டர் ஈ. ஒவ்வொரு முறையும் சத்துப்பொடி பூசியே கொடுக்க வேண்டும். உயரமான கோப்பையில் ஈயைத் தட்டிக் கொட்டி, ஒரு சிட்டிகைப் பொடி போட்டுச் சுழற்றினால் ஈக்கள் வெள்ளைப் புள்ளிகளாக மாறிவிடும். வழக்கமான நாள்களில் கால்சியமும் டி3-யும். மாதம் இரண்டு முறை ரெட்டினால் வடிவில் ஏ வைட்டமின் உள்ள பொடி. பீட்டா கரோட்டின் மட்டும் உள்ள பொடியை நம்ப வேண்டாம், பல தவளைகளின் உடல் அதை ஏ வைட்டமினாக மாற்றுவதில்லை. ஏ குறைந்தால் நாக்கின் ஒட்டும் தன்மை போய்விடும். தவளை இரையை நோக்கித் துள்ளும், நாக்கை நீட்டும், ஈ ஒட்டாது. மூன்று நான்கு முறை குறிதவறும் தவளையைப் பார்த்தால் கண் பார்வையைச் சந்தேகிக்கும் முன் பொடி டப்பாவின் தேதியைப் பாருங்கள். திறந்த டப்பாவை ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வைப்பது நல்லது.

வாசல் திறக்கும் நேரத்தில் தவளை கண்ணில் பட வேண்டுமென்றால் முன்கண்ணாடிக்கு ஒரு சாண் பின்னால் தட்டையான கல் ஒன்றை வைத்து, அதில் ஒரு வாழைப்பழ வில்லை. ஈக்கள் அங்கேயே சுற்றும், தவளைகளும் அங்கேயே நிற்கும். மாலையில் வில்லையை எடுத்துவிடுங்கள். சிள்வண்டுக் குஞ்சு கொடுத்தால் மிஞ்சியதை இரவுக்குமுன் பொறுக்கிவிட வேண்டும். தூங்கும் தவளையை அவை கடிக்கும்.

பார்வையாளர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி நஞ்சு பற்றித்தான். காட்டில் இவை தின்னும் எறும்பு, உண்ணி, வண்டு ஆகியவற்றிலிருந்துதான் தோலின் நச்சு சேருகிறது. பழ ஈ தின்று வளர்ந்த, தொட்டியில் பிறந்த தவளையிடம் அந்த நஞ்சு இல்லை. அம்பு முனையில் தடவப் பயன்பட்டது கொலம்பியாவின் பில்லோபேட்டஸ் வகைகள். 1978-இல் விவரிக்கப்பட்ட பொன்னிற பில்லோபேட்டஸ் டெரிபிலிஸ் அவற்றில் மிகக் கொடியது. நீலத் தவளைக்கு அந்த வரலாறு கிடையாது. காட்டிலிருந்து பிடித்துவந்த தவளையாக இருந்தால் கதை வேறு. பழைய நஞ்சு ஆண்டுக்கணக்கில் தங்கும்.

புதிதாக வந்தவை தனியறையில்

1999-இல் ஒரு புதிய பூஞ்சைக்கு பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ் என்று பெயரிட்டார்கள். பெயரின் பின்பாதி இந்தத் தவளையின் பேரினத்திலிருந்து வந்தது. வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையில் செத்த நீல அம்புத் தவளையிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். உலகெங்கும் குறைந்தது 501 நீர்நிலவாழ் இனங்கள் குறைந்துபோனதற்கு அந்தப் பூஞ்சை காரணம் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். ஆகவே தனிமைப்படுத்தலைக் காகிதச் சடங்காக எண்ணக் கூடாது.

குறைந்தது 30 நாள், முடிந்தால் 60 முதல் 90 நாள். ஒவ்வொரு தவளைக்கும் தனி பிளாஸ்டிக் பெட்டி, நனைத்த வெள்ளைக் காகிதத் துண்டு, ஒளியக் கவிழ்த்த சிறு கோப்பை, ஓரிரு பிளாஸ்டிக் இலை. மண் வேண்டாம், எச்சம் கண்ணில் படுவதற்காகத்தான் வெள்ளைக் காகிதம். அதை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். அந்த அறையின் இடுக்கியும் தூவியும் வாளியும் வேறு எங்கும் போகக் கூடாது. காலையில் காட்சித்தொட்டிகளை முடித்துவிட்டுக் கடைசியாக அந்த அறைக்குப் போங்கள். போனபின் அன்று திரும்பிக் காட்சித்தொட்டிக்கு வரக் கூடாது.

முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் தோல் துடைப்பு எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். அடிவயிறு, இரண்டு தொடைகளின் உட்புறம், பின்கால் விரல்கள் என ஒவ்வொரு இடத்திலும் பஞ்சுக்குச்சியை ஐந்து முறை உருட்டித் துடையுங்கள். தவளைக்குத் தவளை புதிய கையுறை. எச்சத்தை இடைவெளி விட்டு மூன்று முறை சோதித்து, நுரையீரல் புழுவைப் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை இருப்பது உறுதியானால் வழக்கமான சிகிச்சை 0.01 சதவீத இட்ராகோனசோல் குளியல், நாளுக்கு ஐந்து நிமிடம், பத்து அல்லது பதினோரு நாள். குளியலுக்குப் பிறகு பழைய பெட்டிக்குத் திருப்பி விடக் கூடாது. தினமும் கிருமி நீக்கிய புதுப் பெட்டி. அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் கால்நடை மருத்துவரின் முடிவு. தலைப்பிரட்டைக்கும் இளம் குஞ்சுக்கும் இந்த அளவே ஆபத்தாகலாம்.

கருவிகளை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து அழுக்கை நீக்கி, விர்கான் எனும் கிருமிநாசினியின் 1 சதவீதக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முழுக்க உலர்த்துங்கள். உலர்த்துவதை விட்டுவிடாதீர்கள். காய்ந்தால் அந்தப் பூஞ்சைக்கு வாழ்வில்லை.

கையுறை பொடி இல்லாத நைட்ரைல் வகை, குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசி ஈரமாகவே தொட வேண்டும். லேடெக்ஸ், வினைல் கையுறை போட்ட கை பட்ட தண்ணீரில் தலைப்பிரட்டைகள் செத்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

யாரோடு யாரை வைப்பது

டிங்டோரியஸ் பெண்கள் ஒன்றையொன்று சகிக்காது. ஒன்றின் முதுகில் மற்றொன்று ஏறி, தலையைத் தரையோடு அழுத்திக்கொண்டு நிற்கும். பார்வையாளர்கள் அதை இணைசேர்வது என்று படம் எடுப்பார்கள். தோற்ற பெண் சில வாரங்களில் மெலிந்து சாகும். ஒரு பெண், இரண்டு மூன்று ஆண் என்பதே பாதுகாப்பான கணக்கு. ஆணின் முன்கால் விரல்நுனித் தட்டு அகலமாக, இதய வடிவில் இருக்கும்; பெண் பருத்து முதுகு வளைந்திருக்கும். ஒரு வயதுக்குள் இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

வேறு நிறவகையையோ வேறு டென்ட்ரோபேட்டஸ் இனத்தையோ சேர்த்தால் தொட்டி அழகாக இருக்கும் என்று நிர்வாகம் கேட்கும். கலப்பினம் பிறக்கும், பிறந்ததை எந்த வளர்ப்புத் திட்டத்திலும் சேர்க்க முடியாது. வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

தினமும் காலையில் தலை எண்ணுவதும், மாதம் ஒருமுறை 0.1 கிராம் துல்லியத் தராசில் எடை பார்ப்பதும் விடக்கூடாத வேலைகள். ஒரு கோப்பையோடு தராசைப் பூஜ்யமாக்கி, தவளையைக் கோப்பைக்குள் நடத்திவிட்டால் பிடிக்கவே தேவையில்லை. பத்து சதவீதம் இறங்கினால் தனியே எடுத்துப் பாருங்கள்.

அதே கூடத்தில் நன்னீர் ஆமை இருந்தால் தவளை வேலையை முடித்தபின் ஆமைக்குப் போங்கள், சால்மோனெல்லா ஆமையோடு எப்போதும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டையும் குஞ்சும்

பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, விளிம்பில் தவளை நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, அடியில் பெட்ரி தட்டு எனும் ஆய்வுக்கூடத் தட்டை வட்டத் தட்டை வையுங்கள். அமெரிக்க, ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் எல்லோரும் பயன்படுத்துவது இந்தக் கொட்டாங்குச்சியைத்தான். ஆண் அங்கே உட்கார்ந்து மெல்லிய சத்தத்தில் கூப்பிடும், பெண் பின்னாலேயே போகும். ஒரு தடவைக்கு இரண்டு முதல் ஆறு முட்டை.

1. ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் தட்டோடு எடுத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தண்ணீர் முட்டைக் கூழின் அடியைத் தொடலாம், மூடக் கூடாது. 22 முதல் 25 டிகிரி.

2. வெளுத்துக் கலங்கிய முட்டை கரு கூடாதது; பூஞ்சை பரவும் முன் நீக்குங்கள். நல்லவை இரண்டு வாரம் தாண்டியதும் பொரியும்.

3. ஒரு தலைப்பிரட்டைக்கு ஒரு கோப்பை, 250 முதல் 500 மில்லி. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். காட்டில் தந்தை முதுகில் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் தண்ணீர் தேங்கிய மரப்பொந்துகளில் விடும். கோப்பையில் நாட்டுவாதுமை இலைத் துண்டு ஒன்று போடுங்கள், தேநீர் நிறத்தில் இறங்கும் சாறு பூஞ்சையை அடக்கும்.

4. பொரித்து இரண்டு நாள் உணவு வேண்டாம். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பைருலினா எனும் பாசிப்பொடியும் மீன் உணவுத் தூளும் ஒரு சிட்டிகை. ஒரே நாளில் தீரும் அளவுதான். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரால் மாற்றுங்கள்.

5. பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முன்கால் முளைக்கும். அன்றே கோப்பையைச் சாய்த்துத் தண்ணீரை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்து, ஏறி உட்காரப் பாசி வையுங்கள். முன்கால் வந்த குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடும், ஏற இடம் இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். வார விடுமுறையில் போகும் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. பின்காலைப் பார்த்ததுமே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

வால் சுருங்கும் நாலைந்து நாள் அது எதுவும் தின்னாது. வால் போனதும் ஸ்பிரிங்டெயில், சில வாரம் கழித்து மெலனோகாஸ்டர். முன்கால்கள் தீக்குச்சிபோல் மெலிந்து, எழுந்து நிற்க முடியாத குஞ்சுகள் வரிசையாக வந்தால் முதலில் பெற்றோரின் சத்துப்பொடியையும் பிறகு தலைப்பிரட்டைத் தண்ணீரின் உப்பையும் சரிபாருங்கள். அந்த ஜோடிக்குக் கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டு இரண்டு மாதம் ஓய்வு கொடுப்பதும் உதவும்.

குஞ்சுகளை இன்னொரு காட்சியகத்துக்கு அனுப்ப, ஒவ்வொன்றையும் துளையிட்ட தனிக் கோப்பையில் பிழிந்த ஈரப்பாசியோடு வைத்து, கோப்பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் அசையாமல் அடுக்குங்கள். உள்ளே 21 முதல் 24 டிகிரி. பயணத்தில் உணவு வேண்டாம், கோப்பையில் தேங்கிய தண்ணீரும் வேண்டாம். அம்புத் தவளைகள் சைட்டீஸ் எனும் பன்னாட்டுக் காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளதால் நாடு தாண்டும்போது ஏற்றுமதி அனுமதி பெட்டியோடு போக வேண்டும். பெற்றோர் எண், பொரித்த தேதி, பி.சி.ஆர். முடிவு மூன்றையும் எழுதிய தாளை மூடியின் உள்பக்கம் நீர்புகாத உறையில் ஒட்டிவிடுங்கள்.